மெஷினில் போட்ட ஜமக்காளம்

ஜூலை 6, ஞாயிறு

வாஷிங் மெஷினின் மூடி மூடவில்லை. மூன்று விரல் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அமுக்கினால் இறங்குகிறது, கையை எடுத்தால் எழும்புகிறது. மூடாமல் இது ஓடாது. பீப் பீப் என்று கத்தும். மதியத்திலிருந்து கத்தியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

காலையில் முத்துரத்தினம் தன் மனைவி, மகன், இன்னும் நாலு உறவினர் சகிதம் வந்து தாரணியைப் பெண் கேட்டுவிட்டுப் போனான். என் வீட்டுக் கூடத்தில், என் ஜமக்காளத்தின் மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்து. நாற்காலிகள் இருந்தன. "கீழ உக்காந்தாத்தான் தங்கச்சி எனக்குச் சௌகரியம்" என்று என் மனைவி வசந்தாமணியிடம் சொன்னான். எளிமையாம்.

அவனுக்கும் எனக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. ஒரே கல்லூரி, ஒரே இயற்பியல் துறை, ஒரே அறை. துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டியது. அவன் எனக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவன். ஆனால் நிர்வாகக் குழுவில் அவனுடைய சித்தப்பா இருந்தார். இதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதை அட்டெண்டர் மாரப்பனிடம் சொல்வேன். மாரப்பன் நாலு எட்டு வைத்து அவன் மேசைக்குப் போய்ச் சொல்வார். பதிலை நாலு எட்டு வைத்து என் மேசைக்குக் கொண்டுவருவார். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

அவன் மகன் நவநீதன் பெங்களூரில் வேலை பார்க்கும் அதே அலுவலகத்தில்தான் என் மகளும் வேலை பார்க்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அங்கே ஆயிரம் பையன்கள் இருப்பார்கள்.

இன்றும் வழக்கப்படியே நடந்தது. "ஆனிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு தங்கச்சி. ஆவணியில முகூர்த்தம் வச்சுக்கலாம்" என்று அவன் வசந்தாமணியைப் பார்த்துச் சொன்னான். ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஆக, பதினாறாம் தேதி வரை எனக்குக் கெடு. யோசித்துச் சொல்வதாக நானும் வசந்தாமணியைப் பார்த்தே சொன்னேன். அவள் வலமும் இடமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

தாரணி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பெங்களூர் பஸ் ஏறும்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

எழுத மறந்துவிட்டேன். ஜமக்காளம் அழுக்காக இருந்தது. துவைக்கப் போடப்பட்டது.

ஜூலை 7, திங்கள்

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்கிறாள் வசந்தாமணி. போன முறை வந்தவன் செருப்போடு சமையலறை வரை நடந்தான். மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டே யாருடனோ போனில் சிரித்தான். போகும்போது என்னைப் பார்த்து, "வாத்தியார் வூடா? அதான் எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேக்கறீங்க" என்றான். இரண்டு வருடம் ஆகிறது. அவன் என் வாசற்படி ஏறக்கூடாது.

அலைவுகள், அதிர்வுகள் பற்றி நான் முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு மூடி என்ன பெரிய விஷயம்.

ஜூலை 8, செவ்வாய்

கீலுக்கு எண்ணெய் விட்டேன். குறை கீலில் இல்லை.

ஜூலை 9, புதன்

மூடியின் விளிம்பு எங்கோ இடிக்கிறது என்று கண்டுபிடித்தேன். அரம் வாங்கி வந்து ராவினேன். பிளாஸ்டிக் தூள் தோசைமாவு மாதிரி கொட்டியது. வசந்தாமணி வந்து நின்றாள்.

"ஏனுங்க, மூடிய ராவி என்ன பண்றீங்க?"

"இடிக்குது."

"சனிக்கிழமை வரைக்கும் இடிக்காதது இப்ப எப்புடீங்க இடிக்கும்?"

"வெயில்ல விரிஞ்சிருக்கும்."

"ஆமா, ஒரே நாள்ல விரிஞ்சிருக்கும். ஜமக்காளத்தை அதுக்குள்ள போட்ட புத்திசாலி யாருன்னு நானும் நாலு நாளாக் கேக்கறேன். பவானி ஜமக்காளமுங்க அது. தண்ணி குடிச்சா எருமைக் கன்னுக்குட்டி கனம் கனக்கும். எங்கூட்ல ஆத்துல போட்டு அலசி, நாலு பேரு நின்னு முறுக்குவாங்க."

"அழுக்கா இருந்துச்சு."

"ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போனதுலயா?"

அரத்தின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

"பொண்ணு உங்களுக்குப் போன் பண்ணுனாளா?" என்றாள் பிறகு.

"வேலை இருக்கும்."

"எனக்கு ரெண்டு தடவை பண்ணுனா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தாரணி கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே, அம்மாவிடம் பேசிவிட்டு, "அப்பாகிட்டக் குடு" என்பது வழக்கம். இந்த முறை அவள் அப்படிக் கேட்கவில்லையா, இவள் கொடுக்கவில்லையா தெரியவில்லை. கேட்டால் நான் காத்திருந்ததாக ஆகிவிடும்.

ராவிய பிறகும் மூடவில்லை. இப்போது விளிம்பு பல் போன சீப்பு மாதிரி இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

இரண்டாம் பாடவேளையில் மாரப்பன் என் மேசைக்கு வந்தார். "சார், தலைவர் சார் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ன பதில் சொல்வது என்று இரண்டு வாக்கியம் தயாராகவே வைத்திருந்தேன். இரண்டுமே கூர்மையானவை.

"மூணாம் வருசத்து ஆய்வகச் சாவி உங்ககிட்ட இருக்குதான்னு கேட்டாரு."

சாவியைக் கொடுத்தனுப்பினேன். அவன் தலையைத் தூக்கவே இல்லை. என் முடிவுக்காக அவன் ஏங்குவது போலவே தெரியவில்லை. இதுதான் அவன் குணம். எதையும் கேட்காதவன் போல உட்கார்ந்திருப்பான், கடைசியில் அது அவன் மடியில் வந்து விழும்.

மாரப்பன் திரும்பி வந்து என் மேசையில் கையை ஊன்றி நின்றார். "சார், கோவிச்சுக்காதீங்க. இந்த ரெண்டு மேசைக்கு நடுவுல நான் நடந்த நடையை நேர் ரோட்டுல நடந்திருந்தா, பழனிக்குப் பத்து தடவை போயி மொட்டை போட்டுட்டு வந்திருப்பேன். புண்ணியமாவது கிடைச்சிருக்கும்."

"உமக்குச் சம்பளம் அதற்குத்தான்" என்றேன்.

"அதுவுஞ் சரிதான்" என்று சிரித்தார். அந்தப் பக்கத்து மேசையிலும் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கோளாறு மூடியில் இல்லை.

மேல்சட்டத்தின் திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். உள்ளே தொட்டி எதன்மீதும் உட்கார்ந்திருக்கவில்லை. நாலு மூலையிலிருந்து நாலு ஸ்பிரிங் கம்பிகளில் தொங்குகிறது, தூளி மாதிரி. அதில் ஒரு கம்பியின் தலை மூலையிலுள்ள குழியிலிருந்து நழுவிவிட்டது. அந்த மூலையில் தொட்டி இறங்கி, எதிர் மூலையில் எழும்பி நிற்கிறது. எழும்பிய விளிம்புதான் மூடியைத் தள்ளுகிறது. தொட்டிக்குள் ஈரக் கனம் ஒரு பக்கமாக ஒதுங்கி வேகமாகச் சுழன்றால் இப்படி நடக்கும். கோட்பாட்டளவில் எளிய விஷயம்.

வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப ராவுன மூடி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

ஜூலை 12, சனி

தொட்டியைத் தூக்கிப் பிடித்தால்தான் கம்பியின் தலையைக் குழியில் மாட்ட முடியும். தூக்க இரண்டு கை வேண்டும், மாட்ட ஒரு கை. என்னிடம் இருப்பது இரண்டு. வசந்தாமணிக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தோளால் முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். முழங்காலால் பார்த்தேன். தொட்டி நழுவி என் விரல்முட்டியின் தோலை உரித்துக்கொண்டு இறங்கியது.

சட்டைகளைக் கையால் துவைத்தேன். துவைக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. காலருக்கு மூன்று முறை சோப்புப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

தாரணி போன் செய்தாள். எனக்கே செய்தாள்.

"அப்பா, மெஷின் சரியாயிருச்சா?"

"ஒரு கம்பிதான் பாக்கி."

"கையில அடின்னு அம்மா சொன்னா."

"தோல்தான்."

பின்னால் பெங்களூர்த் தெருவின் ஹாரன் சத்தம் கேட்டது.

"அப்பா, நவநீதன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க இனி அதை நெனச்சு அல்லாட வேண்டாம்."

"நான் இன்னும் ஒண்ணுஞ் சொல்லலையேம்மா."

"அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன்ல. அந்த மனுசர் உக்காந்திருந்த வரைக்கும் நீங்க ஒரு தடவை கூட மூச்சை நல்லா விடல. நாளைக்குத் தீபாவளி, பொங்கல், வளைகாப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் உங்களை அப்படி உக்கார வெக்கணுமா? எனக்கு வேண்டாம்ப்பா."

"வேற நல்ல இடம் பாக்கலாம்" என்றேன்.

"அதெல்லாம் இப்ப வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்." குரல் தெளிவாக இருந்தது. அழுதிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும். "காயத்துல மஞ்சள் வைங்க. போனை வெக்கட்டுமா?"

ஆக, பிரச்சினை தீர்ந்தது. நான் வாய் திறக்காமலே தீர்ந்தது.

ஜூலை 14, திங்கள்

ஜெயித்தது நான்தான். எழுதிவைப்பது நல்லது.

முத்துரத்தினம் இன்று விடுப்பு. மேசை காலியாக இருந்தது. இரண்டு முறை மாரப்பனைக் கூப்பிட்டேன், வந்து நின்றதும் யாரிடம் என்ன சொல்லச் சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். இரண்டாவது முறை அவர், "முதல் தம்ளரே அப்படியே இருக்குதுங்க சார்" என்றார்.

வகுப்பில் ஒரு சமன்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மாணவி, "சார், உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டதும்தான் தெரிந்தது.

ஜூலை 15, செவ்வாய்

அவன் இன்றும் வரவில்லை. நானாகக் கேட்கவில்லை. மாரப்பன்தான் சொன்னார்: பையன் பெங்களூரிலிருந்து வந்து படுத்தே கிடக்கிறானாம்.

வீட்டில் வசந்தாமணி என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்கிறாள். ரசம் வேண்டும் என்று நான் சுவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் ஒரு மாரப்பன்கூட இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் சுவரிடம் இன்னும் ஒன்று சொன்னாள். "பொண்ணு நல்லா இருக்கேன்னு சொன்னான்னா நல்லா இருக்கான்னு அர்த்தமில்லைன்னு, படிச்சவங்களுக்குத் தெரியாது போல."

தொட்டியை மறுபடி தூக்கிப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 16, புதன்

ஆனி முடிகிறது.

கல்லூரியிலிருந்து வந்து காபிகூடக் குடிக்காமல் மெஷினிடம் போனேன். இன்று இதை மாட்டாமல் விடுவதில்லை என்று ஒரு வெறி. சட்டையைக் கழற்றிப் பனியனோடு நின்று, இரண்டு கையாலும் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். தூக்கியாயிற்று. கம்பியின் தலை குழிக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. மாட்டக் கை இல்லை. கீழே விடவும் முடியவில்லை. விட்டால் விரல் நசுங்கும்.

வாசல் மணி அடித்தது. வசந்தாமணி கதவைத் திறப்பதும், "வாங்கண்ணா" என்று சொல்வதும் கேட்டது. அவளுக்கு அண்ணன் கிடையாது.

முத்துரத்தினம் பின்கட்டுக்கு வந்து நின்றான். முகச்சவரம் செய்திருக்கவில்லை. மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கழன்று தொங்கும் கம்பியைப் பார்த்தான். இயற்பியல் படித்தவன்தான், விளக்கம் தேவைப்படவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்து தொட்டியின் அடியில் கையைக் கொடுத்தான். பாரம் பாதியாகக் குறைந்தது.

"இன்னும் மேலே தூக்கச் சொல்லு" என்றேன் வசந்தாமணியிடம்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். "அடுப்புல வேலை கெடக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பின்கட்டில் அவனும் நானும் நடுவில் தொட்டியும் மட்டும். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

"மேல" என்றேன்.

தூக்கினான்.

"இன்னுங் கொஞ்சம். உங்க பக்கம் சாயுது. இந்தப் பக்கம் தள்ளுங்க. அப்படியே. பிடிங்க, விட்றாதீங்க."

ஒரு கையை எடுத்துக் கம்பியின் தலையைக் குழியில் அழுத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. தொட்டியை இறக்கினோம். நேராக ஆடி, நேராக நின்றது. மேல்சட்டத்தை அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து வைத்தோம். மூடியைப் போட்டேன். மூடியது.

"இந்த விளிம்பை எலி கடிச்சுதுங்களா?" என்றான்.

அவன் துவைகல்லின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"நான் பையன் வீட்டுக்காரன். பொண்ணு வேண்டாம்னு சொன்ன பின்னாடி இந்தப் படி ஏறக்கூடாது. என்ற சம்சாரத்துக்குக்கூட நான் இங்க வந்தது தெரியாது. நாளைக்கு ஆடி. இன்னிக்கு விட்டா அப்புறம் பேச வாய் வராதுன்னு வந்தேன்." கையிலிருந்த கிரீஸைக் கல்லில் தேய்த்தான். "பையனுக்குச் சோறு இறங்க மாட்டேங்குதுங்க. நேத்து என்னைப் பாத்து ஒண்ணு கேட்டான். 'அப்பா, அந்தத் தலைவர் நாற்காலியில நீங்க உக்காராமயே இருந்திருக்கலாமுல்ல?'ன்னு."

இந்த ஒரு கேள்வியை யாராவது அவனிடம் கேட்க வேண்டும் என்று நான் பதினோரு வருடம் காத்திருக்கிறேன். கேட்டவன் அவன் மகனே என்றால் இன்னும் இனித்திருக்க வேண்டும். எனக்குத் தாரணி போனில் பேசிய அந்தத் தெளிவான குரல்தான் காதில் விழுந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? இப்ப வேணும்னாலும் தூக்கிக் குடுத்தர்றேன்னேன். உங்களுக்கு வேணுங்களா? ஒரு கால் ஆடும், மூட்டைப்பூச்சி இருக்குது."

"ஆடற நாற்காலி எனக்கெதுக்கு?" என்றேன். சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். பட்டனை மாற்றிப் போட்டுக் கழற்றி மறுபடி போட்டேன். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

வசந்தாமணி கூடத்தில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சந்தகை நூல் நூலாகப் பிழிந்திருந்தாள், தேங்காய்ப்பாலும். எப்போது மாவு வேகவைத்தாளோ. "கைய கழுவிட்டு வாங்கண்ணா" என்றாள்.

அவன் எழுந்தவன் அப்படியே நின்றான். "வேண்டாம் தங்கச்சி. தண்ணி மட்டும் குடு. பேச்சு முடியாத ஊட்டுல கை நனைக்கக்கூடாது."

அது முறைதான். சம்பந்தம் முடிவாகும் முன் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டுவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். பெண்ணின் அப்பன் வாய்விட்டுக் கூப்பிட்டால்தான் உட்காரலாம். அது தெரிந்தேதான் இவள் மாவை வேகவைத்திருக்கிறாள். சந்தகை ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அவள் கரண்டியோடு நின்றாள். அவன் தண்ணீருக்கு நின்றான். இருவரும் என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் பார்த்தார்கள்.

"உக்காருங்க" என்றேன்.

"என்கிட்டயா சொல்றீங்க? இல்ல, தங்கச்சிகிட்டச் சொல்லி அனுப்பறீங்களா?"

"உங்ககிட்டத்தான். உக்காந்து சாப்பிடுங்க."

உட்கார்ந்தான். நாற்காலி இருக்கும்போது இன்றும் தரையில்தான். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காரமான பண்டம் எதுவும் இல்லை. துடைத்துவிட்டு, "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றான். குறை சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. நிர்வாகக் குழு விஷயத்தை நான் விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அதைச் சம்பந்தியாகவும் பேசிக்கொள்ளலாம்.

வசந்தாமணி என் போனை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள், சுவரைப் பார்க்காமல்.

இரண்டாவது மணியிலேயே தாரணி எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, மெஷின் ஓடுதா?"

"ஓடும்" என்றேன். அடுத்த வாக்கியம் தயாராக இல்லை. "உன்ற மாமனார் வந்திருக்கார். நம்மூட்ல சாப்பிட்டுட்டிருக்கார்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அப்பா," என்றாள், சின்னக் குரலில். "கை நனைச்சுட்டாராப்பா?"

"ரெண்டாவது தட்டு" என்றேன்.